மூன்று கிலோ வெளிச்சம்

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை ஆறரை மணிக்கு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். கரை நெடுக முக்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நீளக் குழல். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. என்னுடையது ஒரு நாள் வாடகைக்கு எடுத்த 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ். கிம்பல் ஹெட்டில் பூட்டி, நீர்க்கடம்பு மரத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த மஞ்சள் மூக்கு நாரைகளைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். அப்போது முதுகுப் பக்கம், கரைக்கு வெளியே இருந்த வயல்மேல் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. நான் முக்காலியைத் தூக்கித் திருப்பி, கால்களைச் சரிவில் ஊன்றி, வியூஃபைண்டரில் கண் வைப்பதற்குள் அது பனைமரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. பக்கத்தில் நின்ற தம்பியின் கையில் 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ். அப்படியே திரும்பினார், நான்கைந்து முறை ஷட்டர் ஒலித்தது. "கெடச்சிருச்சுண்ணா" என்று கேமராத் திரையைக் காட்டினார். பருந்தின் மஞ்சள் கண்ணுக்குள் காலை வெயில் ஒரு புள்ளியாக நின்றது.

இந்த ஒரு காட்சியை வைத்து ஒரு லென்ஸை உயர்த்தி மற்றதைத் தாழ்த்திவிட முடியாது. அன்று மாலை வெளிச்சம் மங்கியதும் அந்தத் தம்பி கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். வக்காக்கள் இரை தேடக் கிளம்பும் நேரம் அது. நான் இன்னும் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் உண்மைதான். தான் எடுக்கப்போகும் படங்களுக்கு இவற்றில் எந்த உண்மை முக்கியம் என்று கணக்குப் பார்க்காமலே பத்துப் பதினைந்து லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா என்று தவிக்கிறவர்களையும் பார்க்கிறேன். பறவைப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாமல் ஆசையாகக் கொண்ட இவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

முதலில், அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு: குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 600 மி.மீ. லென்ஸ் எஃப்/4 ஆக இருக்க வேண்டுமென்றால் முகப்புக் கண்ணாடியின் விட்டம் 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் அளவுகோலின் நீளம் அது. எஃப்/6.3 போதும் என்றால் 95 மி.மீ. விட்டம் போதும். விட்டத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். பரப்பில் அது இரண்டரை மடங்காகிறது. கண்ணாடியின் தடிமனும் அதே விகிதத்தில் கூடினால் எடை நான்கு மடங்கை நெருங்கும். அந்தக் கண்ணாடியும் சாதாரணக் கண்ணாடி அல்ல. நீண்ட லென்ஸில் சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியாமல் பிரிந்துபோகும். நாரையின் வெள்ளை இறகோரத்தில் ஊதாக் கோடு விழுவது அதனால்தான். இந்த நிறப்பிறழ்ச்சியை அடக்க, உலையில் மெதுவாக வளர்த்தெடுக்கும் ஃப்ளோரைட் படிகமும் நிறம் பிரிக்காத சிறப்புக் கண்ணாடிகளும் வேண்டும். அவற்றை இவ்வளவு பெரிதாக, குறையில்லாமல் செய்வது கடினம். சோனியின் 600 எஃப்/4 (2019), கேனானின் ஆர்எஃப் 600 எஃப்/4 (2021) இரண்டும் ஏறக்குறைய 13,000 டாலர் விலையில் வந்தன. நிக்கானின் இசட் 600 எஃப்/4 (2022) சுமார் 15,500 டாலர். ரூபாயாக மாற்றினாலே பத்து லட்சத்தைத் தாண்டிவிடும், வரி தனி.

சரி, இரண்டரை மடங்கு வெளிச்சம் எங்கே பயன்படுகிறது? வால்பாறைப் பக்கம் சோலைமந்தியைப் படம் எடுத்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மழைமேகம் கவிந்த பகலில் மரக்கூரைக்குக் கீழே எஃப்/4-ஐ முழுதாகத் திறந்து, நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வைத்தால் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். எஃப்/6.3 லென்ஸ் அதே இடத்தில் 16,000 கேட்கும். சோலைமந்தியின் முகத்தைச் சுற்றிய சாம்பல் பிடரி ஐஎஸ்ஓ 6400-இல் மயிர் மயிராகத் தெரியும். 16,000-இல் அது பஞ்சாகிவிடும். அத்திப்பழம் தின்ன வரும் மலை இருவாச்சிக்கும் இதே கதைதான். காட்டுக்குள் எஃப்/4 லென்ஸ் கேட்கும் விலைக்கு முழுசாக வேலை செய்கிறது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் நம் ஊரில் ஆசைக்குப் பறவைப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் நிற்கும் இடம் எது? ஏரிக்கரை, சதுப்பு நிலம், உப்பளம், அறுவடை முடிந்த வயல். பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை. எல்லாமே திறந்த வெளி. காலை எட்டு மணிக்கு மேல் நல்ல வெயிலில் எஃப்/6.3 வைத்து, பறக்கும் பறவைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வைத்தாலும் ஐஎஸ்ஓ 320 பக்கம்தான் வரும். அங்கே 150 மி.மீ. கண்ணாடிக்கு வேலையே இல்லை. சூரியன் எழுந்து முதல் அரைமணியும் விழுவதற்கு முன் கடைசி அரைமணியும்தான் அது தன் பலத்தைக் காட்டும். அந்த நேரம் அழகான நேரம், மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கேமராக்களில் ஐஎஸ்ஓ 4000 பழைய கேமராக்களின் 1600 போல அமைதியாக இருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் மிச்சத்தைத் துடைத்துவிடுகின்றன. இந்த மென்பொருள்களை நான் அளவோடுதான் நம்புகிறேன். அளவுக்கு மீறி ஓட்டினால் உள்ளான் மார்பில் இல்லாத இறகுக் கோட்டை வரைந்துவிடும். ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது வெளிச்சம் இரு மடங்கான அளவுக்கு, உதவச் சொன்னால் நேர்மையாக உதவுகின்றன. எஃப்/4-க்கும் எஃப்/6.3-க்கும் நடுவில் இருப்பது ஒன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று மேல்.

பின்னணி மங்கலைப் பற்றிய பேச்சில்தான் மிகையும் உண்மையும் அதிகம் கலந்துகிடக்கின்றன. பறவையை ஒரே அளவில் சட்டகத்தில் நிறுத்தினால், தொலைவில் உள்ள பின்னணி எவ்வளவு கரையும் என்பதை முடிவு செய்வது துளையின் விட்டம். 150-க்கும் 95-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நாணல் பின்னணியில் நிற்கும் சிறு மீன்கொத்தியை எஃப்/4-இல் எடுத்தால் நாணல் பச்சை நீராகக் கரைந்திருக்கும். ஆனால் வேடந்தாங்கலில் கூட்டில் நிற்கும் நாரைக்குப் பின்னால் இரண்டடியில் இன்னொரு கிளை இருக்கிறது. அதை எந்த எஃப்/4-உம் அழிக்காது. பத்து மீட்டர் தூரத்தில் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். நாரையின் கண் தெளிவாக இருந்தால் அலகு நுனி கலங்கிப்போகும். அதனால் இணையாக நிற்கும் இரண்டு நாரைகளை எடுக்கும்போது எல்லாருமே எஃப்/8-க்கு மூடிக்கொள்கிறார்கள். அந்தக் கணத்தில் பதினைந்து லட்சம் ரூபாய் லென்ஸும் நாலு லட்சம் ரூபாய் லென்ஸும் ஒரே அளவுத் துளை வழியாகத்தான் பார்க்கின்றன. பின்னணியைக் கரைக்க இன்னொரு வழி உண்டு. உப்பளத்து வரப்பில் வயிறு மண்ணில் படும்படி படுத்து, உள்ளானின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கினால் அதன் பின்னணி ஐம்பது மீட்டர் பின்னால் போய்விடும். 95 மி.மீ. கண்ணாடிக்கு அது தாராளம். ஆனால் மூன்று கிலோ லென்ஸை முக்காலியில் பூட்டியவர் படுப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். இறக்கி ஏற்றும் சிரமம் அவரை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

எஃப்/4 லென்ஸுக்கு மறுக்க முடியாத இன்னொரு பலம், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டிக் குவிய நீளத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப். 600 எஃப்/4 அப்போது 840 எஃப்/5.6 ஆகவும் 1200 எஃப்/8 ஆகவும் மாறும். இரண்டும் பயன்படுத்தக் கூடியவை. 600 எஃப்/6.3-இல் 1.4 மாட்டினாலே எஃப்/9. வெயிலில் ஓடும், மேகத்தில் திணறும். நிக்கான் தன் இசட் 400 எஃப்/2.8-இலும் 600 எஃப்/4-இலும் 1.4 கன்வெர்ட்டரை உள்ளேயே வைத்துவிட்டது. கண்ணை எடுக்காமல் விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், 600 மி.மீ. 840 ஆகிவிடும். கோடியக்கரை உப்பளக் காற்றில் லென்ஸைக் கழற்றி கன்வெர்ட்டர் மாட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். சென்சாரில் ஒரு தூசி விழுந்தால் அன்றைய வானமெல்லாம் புள்ளி. இந்த எண்ணத்தை 2013-இலேயே கேனான் தன் 200-400 ஜூமில் செய்து காட்டியது. அதைக் குவிய நீளம் மாறாத பிரைம் லென்ஸுக்குக் கொண்டுவந்ததுதான் நிக்கானின் சாமர்த்தியம். பணம் ஒரு தடையே இல்லை என்கிறவருக்கு இன்று நான் சொல்லும் லென்ஸ் அந்த நிக்கான் 600 எஃப்/4-தான். 3,260 கிராம் எடையில் இரண்டு லென்ஸ்கள்.

எடை என்று வந்துவிட்டதால் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கேனானின் 600 எஃப்/4 லென்ஸ் 1999-இல் 5,360 கிராம். 2012-இல் விற்பனைக்கு வந்த இரண்டாம் பதிப்பு 3,920. 2018-இன் மூன்றாம் பதிப்பு 3,050. சோனியின் 600 எஃப்/4-உம் 3,040 கிராம்தான். இருபது ஆண்டுகளில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறார்கள். இதற்காக அவர்கள் கனமான கண்ணாடிகளை முகப்பிலிருந்து பின்னுக்கு நகர்த்தினார்கள். அதில் இன்னொரு நன்மையும் வந்தது. பழைய லென்ஸைக் கையில் தூக்கினால் முன்பக்கம் தரையை நோக்கி இழுக்கும். புதியது இடது உள்ளங்கையில் சமமாக உட்காருகிறது. ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பறவையைத் தொடர முடிகிறது. முப்பது நிமிடம் முடியாது. கேமராவையும் சேர்த்தால் நாலரைக் கிலோ வரை வரும். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பது வேறு, கையை நீட்டி ஏந்தி நிற்பது வேறு.

இந்த எடைக் குறைப்புக்கு ஒரு எல்லை உண்டு. 150 மி.மீ. கண்ணாடி எவ்வளவு மெலிந்தாலும் 150 மி.மீ. கண்ணாடிதான். அந்த எல்லையைத் தாண்ட வேறு பாதையில் போனவைதான் கேனானின் டிஓ லென்ஸ்களும் நிக்கானின் பிஎஃப் லென்ஸ்களும். ஆசைக்கு எடுக்கிறவர்களைப் பொறுத்தவரை டெலிஃபோட்டோ உலகில் நடந்த பெரிய மாற்றம் இதுவே என்பது என் கருத்து. சாதாரணக் கண்ணாடியில் நீல ஒளி அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். மிக நுண்ணிய வட்டப் படிகள் செதுக்கிய பரப்பில் ஒளி விளிம்புவிலகலால் வளையும்போது இது தலைகீழாகிறது: சிவப்பு அதிகம், நீலம் குறைவு. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது தீர்த்துவிடும். நிறப்பிறழ்ச்சியை அடக்க நாலைந்து கனமான கண்ணாடிகள் செய்யும் வேலையை ஒரு மெல்லிய வில்லை செய்துவிடுகிறது. லென்ஸின் நீளமும் சுருங்குகிறது. பிஎஃப் என்ற பெயரில் உள்ள 'எஃப்' ஃபிரெனலுடையது. கலங்கரை விளக்கின் பருத்த கண்ணாடியைப் படிப்படியாக வெட்டி எடை குறைத்து 1823-இல் பிரான்ஸின் கோர்டுவான் விளக்கில் ஏற்றியவர் அவர். கேமரா லென்ஸின் படிகள் அதைவிட எத்தனையோ மடங்கு நுண்ணியவை, அவை வேலை செய்யும் விதமும் வேறு. எடையைக் குறைக்கப் படி செதுக்கும் அந்த எண்ணம் மட்டும் தொடர்கிறது.

கேனான்தான் முந்தியது. அதன் 400 எஃப்/4 டிஓ 2001-இல் வந்தது, எடை 1,940 கிராம். ஆனால் வெயிலுக்கு எதிராக எடுத்தால் படம் வெளிறும் என்ற பேச்சு அந்த முதல் பதிப்பைவிட்டுப் போகவே இல்லை. 2014-இன் இரண்டாம் பதிப்பு அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்தது. நிக்கான் 2015-இல் 300 எஃப்/4 பிஎஃப் லென்ஸை 755 கிராமில் செய்தது. அதற்கு முந்தைய 300 எஃப்/4 அதன் கிட்டத்தட்ட இரு மடங்கு எடை. 2018-இல் 500 எஃப்/5.6 பிஎஃப்: 1,460 கிராம், 237 மி.மீ. நீளம், சுமார் 3,600 டாலர். வேடந்தாங்கலில் அந்தத் தம்பியின் கையில் இருந்தது இதுதான். 2022-இல் இசட் 800 எஃப்/6.3: 2,385 கிராம். நிக்கானின் முந்தைய 800 எஃப்/5.6 லென்ஸ் 4,590 கிராம். மூன்றில் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து எடையில் ஏறக்குறைய பாதியையும் விலையில் பாதிக்கு மேலும் மிச்சப்படுத்தினார்கள். 2023-இல் 600 எஃப்/6.3: முக்காலி வளையத்தோடு 1,470 கிராம், சுமார் 4,800 டாலர்.

பிஎஃப் லென்ஸ்களின் குறையையும் அருகில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். காலை வெயில் ஏரி நீரில் தெறிக்கும்போது பின்னணியில் ஒளி வட்டங்கள் விழும். எஃப்/4 லென்ஸில் அந்த வட்டங்கள் பால் ஊற்றியதுபோல ஒரே சீராக இருக்கும். பிஎஃப் லென்ஸில் எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினால் சில வட்டங்களுக்குள், வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல, மெல்லிய வளையங்கள் தெரியும். சட்டகத்துக்குள் சூரியனோ கடும் ஒளியோ வந்தால் அதைச் சுற்றி நிறம் கலந்த ஒரு வட்டக் கறை விழும். நிக்கான் தன் மென்பொருளிலேயே அதைக் குறைக்க ஒரு வசதி வைத்திருக்கிறது என்றால் குறை உண்மை என்றுதானே பொருள். சூரியோதயத்தைப் பின்னணியில் வைத்துக் கூழைக்கடாவின் நிழலுருவம் எடுப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் இந்த லென்ஸ்கள் உங்களை ஏமாற்றும். மற்ற நேரங்களில், முழுதாகத் திறந்த துளையிலேயே, இறகின் நரம்பு வரை காட்டும். அச்சிட்ட படத்தைப் பார்த்து எது எஃப்/4, எது பிஎஃப் என்று கூர்மையை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடிந்ததில்லை.

இங்கேதான் நிறுவனங்கள் பிரிகின்றன. நடுத்தர வருமானக்காரருக்கு இடைப்பட்ட விலையில் ஒரு லென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், நிக்கான் நாலு தந்திருக்கிறது: 400 எஃப்/4.5, 500 எஃப்/5.6, 600 எஃப்/6.3, 800 எஃப்/6.3. சோனியிடம் அப்படி ஒரு வரிசை இல்லை. 2023-இல் அது அறிவித்த 300 எஃப்/2.8 வெறும் 1,470 கிராம். 2 மடங்கு கன்வெர்ட்டர் மாட்டினால் 600 எஃப்/5.6 ஆகும். காட்டில் 300 எஃப்/2.8, ஏரியில் 600 எஃப்/5.6 என்று இரண்டு வேடம் போடும் நல்ல கருவி. ஆனால் லென்ஸுக்கு மட்டும் அறிமுக விலை 6,000 டாலர், கன்வெர்ட்டர் தனி. 2 மடங்கு கன்வெர்ட்டருக்குப் பின்னால் கூர்மை ஒரு படி இறங்குவதை எந்த விளம்பரமும் மாற்றாது.

கேனான்மீது எனக்கு வருத்தம் உண்டு. இந்த நுட்பத்தைச் சந்தைக்கு முதலில் கொண்டுவந்த நிறுவனம் அது. 2020-இல் அதே டிஓ நுட்பத்தை வைத்து 600 எஃப்/11, 800 எஃப்/11 என்று 700, 900 டாலரில் இரண்டு லென்ஸ் தந்தது. 600 மி.மீ. லென்ஸ் 930 கிராம்தான். மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் பறவை பார்க்க வந்ததில் இவற்றுக்குப் பங்குண்டு, அதற்கு மரியாதை செய்ய வேண்டும். ஆனால் எஃப்/11 பட்டப்பகல் லென்ஸ். துளை அவ்வளவு சிறிதானால் விளிம்புவிலகலால் நுண்விவரமும் கரையத் தொடங்கும். அதற்கு மேலே 600 மி.மீ. பிரைம் என்றால் நேராக அந்த 13,000 டாலர் லென்ஸ்தான். 2022-இல் வந்த 800 எஃப்/5.6-உம் 1200 எஃப்/8-உம் 17,000, 20,000 டாலர். அவற்றின் உள்ளமைப்பைப் பார்த்தால் ஏற்கெனவே இருந்த 400 எஃப்/2.8-க்கும் 600 எஃப்/4-க்கும் பின்னால் 2 மடங்கு கன்வெர்ட்டரைச் சேர்த்ததுபோல இருக்கிறது. 400 எஃப்/2.8 வாங்கி ஒரு கன்வெர்ட்டரும் வாங்கினால் 400-உம் 800-உம் கிடைக்குமே. 2001-இல் தொடங்கிய பாதையில் தொடர்ந்து நடந்திருந்தால் கேனானிடம் இன்று ஒரு 500 எஃப்/5.6 இருந்திருக்கும். கேனான் கேமராக்காரர்களுக்கு இடைப்பட்ட விலையில் ஜூம்தான் கதி.

ஜூம் பற்றி ஒரு வார்த்தை. சோனியின் 200-600, நிக்கானின் 180-600 இரண்டும் 2,000 டாலருக்குள் வந்தன, எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கூழைக்கடா நீந்தி நீந்திக் கரைக்கே வந்துவிட்டால் பிரைம் லென்ஸ்காரர் அதன் கண்ணை மட்டும் எடுப்பார், ஜூம்காரர் முழுப் பறவையையும் எடுப்பார். முதல் மூன்று ஆண்டுகளுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. தொலைவு முனையில் குவிப்பின் வேகமும் மங்கிய வெளிச்சத்தில் நிதானமும் பிரைமுக்குச் சற்று அதிகம் என்பதே வேறுபாடு.

விலைப் பட்டியலில் வராத இரண்டு விஷயங்கள் நம் ஊரில் லென்ஸைத் தீர்மானிக்கின்றன. ஒன்று கானல். கோடியக்கரை உப்பளத்தில் ஒன்பது மணிக்கு மேல் தரைக் காற்று கொதிக்கத் தொடங்கிவிடும். இருநூறு மீட்டரில் நிற்கும் பூநாரைகள் வியூஃபைண்டரில் தண்ணீருக்கடியில் ஆடுவதுபோல ஆடும். அந்தக் காற்றின் வழியாக 600-ம் 1200-ம் ஒன்றுதான்; பெரிய லென்ஸ் பெரிய கலங்கலைத் தரும். ஆட்டோஃபோகஸ் குறை என்று நினைத்து லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்பியவர்களை அறிவேன். குறை காற்றில் இருந்தது. இரண்டு, ஈரம். ஐப்பசி, கார்த்திகை முழுதும் ஒரு பழைய 300 மி.மீ. லென்ஸைப் பையோடு பீரோவில் வைத்துவிட்டேன். தை மாதம் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை ஓடியிருந்தது. சுத்தம் செய்தும் பழைய தெளிவு வரவில்லை. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ட்ரை கேபினட் லென்ஸோடு சேர்ந்த செலவு. 278 மி.மீ. நீளமுள்ள 600 பிஎஃப் சிறிய கேபினட்டில் படுத்துவிடும். அரைமீட்டரை நெருங்கும் எஃப்/4 லென்ஸுக்குத் தனிப் பெட்டி வேண்டும். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான். எஃப்/4 லென்ஸும் கேமராவும் பையும் அதிலேயே முடிந்துபோகும்.

இதுவரை சொன்னது கருவி. இந்தக் கருவியைச் சுற்றி வளர்ந்திருக்கும் பழக்கத்தில்தான் நல்லதும் கெட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நீண்ட லென்ஸின் முதல் தர்மம் தூரம். 600 மி.மீ. லென்ஸ் ஐம்பது மீட்டரில் மூன்று மீட்டர் அகலத்தைச் சட்டகத்துக்குள் அடக்கும். ஒரு மீட்டர் உயர நாரை அதில் பாதி உயரத்துக்கு நிற்கும். அந்தத் தூரத்தில் நாரை நம்மைப் பொருட்படுத்தாமல் குச்சி அடுக்கும், குஞ்சுக்கு நிழல் கொடுக்கும். 200 மி.மீ. லென்ஸும் கைப்பேசியும் வைத்திருப்பவர் அதே படத்துக்காக நீரில் இறங்கிவிடுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆசைக்காரர்கள் 500, 600 மி.மீ. வரை போவதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதே கரையில் 600 எஃப்/4 வைத்திருப்பவரும் பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டுவதைக் கேட்டிருக்கிறேன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வைக்காமல் தலைமுறைகளாக வாழும் ஊர்மக்கள் இருக்கிறார்கள். வேடந்தாங்கல் மக்கள் பறவை எச்சம் கலந்த ஏரி நீரை வயலுக்கு உரமாகப் பாய்ச்சி, பதிலுக்கு ஏரியைக் காத்து வந்தவர்கள். வெடிச்சத்தம்கூட இல்லாமல் அவர்கள் காத்து வைத்த கூட்டத்தை ஒரு கைதட்டலில் கிளப்புவதற்கு எந்த லென்ஸும் உரிமை தராது.

மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன். அ. மாதவையாவின் மகன், 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பகுதிகளைச் சேர்த்துத் தானே அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்துக் கறுப்பு வெள்ளையில் யானையையும் காட்டெருதையும் எடுத்தார். ஆட்டோஃபோகஸ் இல்லை, நடுக்கம் நீக்கும் வசதி இல்லை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாம்புத்தாரா இறக்கையை உலர்த்தி முடித்ததும் எந்தப் பக்கம் திரும்பும், மீன்கொத்தி பாய்வதற்கு முன் தலையை எப்படி அசைக்கும் என்று தெரிந்தவருக்கு 500 எஃப்/5.6-இல் கிடைக்கும் படம், தெரியாதவருக்கு நொடிக்கு இருபது படம் எடுத்தாலும் கிடைப்பதில்லை. அதைக் கற்றுக்கொள்ள ஏரிக்கு அடிக்கடி போக வேண்டும், நிறைய நடக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ லென்ஸ் அதற்குத் துணை வரும். மூன்று கிலோ லென்ஸ், முக்காலி, கிம்பல் எல்லாம் சேர்ந்தால் காரிலிருந்து ஐம்பதடிக்கு மேல் நடக்க மனம் வராது.

ஆகவே என் முடிவு இது. திறந்த வெளியில் பறவை எடுக்கும் ஆசைக்காரருக்கு, நிக்கான் கேமரா என்றால் 600 எஃப்/6.3, அல்லது பழையதாகக் கிடைத்தால் 500 எஃப்/5.6 பிஎஃப். 800 எஃப்/6.3 கூட்டுக்கும் சதுப்புக்கும் அருமை, பறக்கும் பறவைக்குச் சட்டகம் இறுக்கம். முதல் லென்ஸாக வேண்டாம். சோனிக்காரர் 200-600-இல் தொடங்கி, காட்டு ஆசை வந்தபின் 300 எஃப்/2.8-க்குப் போகலாம். கேனான்காரர் ஜூமோடு பொறுத்திருப்பது நல்லது. எஃப்/4-ஐ வால்பாறைப் பயணத்துக்கு மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள். ஆண்டில் இருபது நாளுக்கு மேல் காட்டுக்குள்ளேயே இருக்கிறவர்கள் மட்டும் அதைச் சொந்தமாக வாங்கலாம்.

எதை வாங்குவதென்றாலும் வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நவம்பருக்கு மேல் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் காலையிலிருந்து மாலை வரை முக்காலி இல்லாமல் சுமந்து பாருங்கள். போகும்போது ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நாரை குச்சியை அலகில் வைத்தபடி வேலையை நிறுத்திக் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால், பத்தடி பின்னால் போய்விடுங்கள். 600 மி.மீ. அதற்குத்தான்.